இறக்கையின் கணக்கு

1935ஆம் ஆண்டு. பெர்லின் நகரின் தெற்கே, ஷூனெஃபெல்ட் என்னும் இடத்தில் இருந்த ஹென்ஷெல் விமானத் தொழிற்சாலையில் 25 வயது இளைஞர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். கட்டடப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். விமானத்தின் பாகங்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்கும், எங்கே வளையும், எங்கே முறியும் என்று கணக்கிட்டுச் சொல்வதே அவருடைய பணி.

அந்தப் பணியில் சிந்தனைக்குச் சிறிதளவே இடமிருந்தது. பெருக்கலும் கூட்டலுமே மிகுதி. பெரிய தாள்களில் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் கட்டத்தில் உள்ள எண்ணை இரண்டாம் கட்டத்தில் உள்ள எண்ணால் பெருக்கி, விடையை மூன்றாம் கட்டத்தில் எழுத வேண்டும். அதனுடன் நான்காம் கட்டத்தைக் கூட்டி ஐந்தாம் கட்டத்தில் எழுத வேண்டும். இப்படியே நாள் முழுவதும் நீளும். ஓர் இறக்கையின் கணக்கு முடிந்ததும், அடுத்த இறக்கைக்கு அதே தாள், அதே வரிசை, வேறு எண்கள். வழியில் ஓர் இலக்கம் பிசகினால் பிறகு வரும் எல்லாம் பிழையாகிவிடும்.

அந்த இளைஞரின் பெயர் கொன்ராட் சூசே. இந்தத் தாள்களை நிரப்புவதற்கு மனிதர் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியது. எந்த எண்ணை எடுப்பது, என்ன செய்வது, விடையை எங்கே வைப்பது என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், மீதியை ஒரு பொறியே செய்துவிடலாமே! சலிப்பில் பிறந்த எண்ணம்தான் இது. ஆனால், விமானத் தொழிலில் அதற்கு அவசரத் தேவை ஒன்றும் அப்போது உருவாகியிருந்தது.

விமானத்தின் இறக்கை பார்ப்பதற்கு விறைப்பான பலகை போலத் தோன்றும். உண்மையில் அது நெகிழக்கூடியது. காற்றில் அதன் நுனி மேலும் கீழுமாக வளையும். அத்துடன், ஈரத் துணியைப் பிழியும்போது துணி முறுக்கிக்கொள்வதைப் போல, இறக்கையும் தன் நீளத்தை அச்சாகக் கொண்டு சற்றே முறுக்கிக்கொள்ளும். விமானம் மெதுவாகப் பறக்கும்போது இதனால் ஆபத்தில்லை. இறக்கை சற்று அசைந்தாலும், சுற்றிச் செல்லும் காற்றே அந்த அசைவை அடக்கிவிடும். வேகம் கூடக் கூட நிலைமை மாறுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், வளைதலும் முறுக்குதலும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. இறக்கை மேலே எழும் வேளையில், அதன் முறுக்கம் காற்றை இன்னும் மேலே தள்ள வைக்கிறது. கீழே இறங்கும் வேளையில் இன்னும் கீழே தள்ள வைக்கிறது. நேரம் பார்த்து ஊஞ்சலைத் தள்ளுவதற்கு இது ஒப்பானது. ஆனால், ஊஞ்சலைத் தள்ள வேறோர் ஆள் வேண்டும். இங்கே இறக்கையின் அசைவே காற்றைத் தள்ளவும் வைக்கிறது. ஒவ்வோர் அசைவும் முன்னதைவிடப் பெரிதாகிறது. சில நொடிகளில் இறக்கை முறிந்துவிடலாம்.

காற்றில் கொடி படபடப்பதைப் போன்ற தோற்றம் கொண்டதால் பொறியாளர்கள் இதனைப் படபடப்பு என்றே அழைத்தனர். முதல் உலகப் போர்க் காலத்திலேயே விமானங்கள் இதற்குப் பலியாகியிருந்தன. 1930களில் விமானங்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடியபோது ஆபத்தும் உடன் வளர்ந்தது. 1938இல் ஜெர்மனியின் யுங்கர்ஸ் 90 என்னும் பெரிய பயணிகள் விமானத்தின் முதல் மாதிரியைப் படபடப்புச் சோதனைக்காகப் பறக்கவிட்டனர். அது வானிலேயே சிதைந்து விழுந்தது.

பறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அதற்கு விமானிகள் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே, விமானம் தரையில் இருக்கும்போதே, தாளிலேயே அதனைப் பறக்கவிட்டுப் பார்க்கும் வழி தேவைப்பட்டது. இறக்கையின் எடை எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு விறைப்பானது, காற்று அதன்மீது எவ்வளவு விசையைச் செலுத்தும் என்பனவற்றையெல்லாம் சமன்பாடுகளாக எழுதலாம். பிறகு ஒரு வேகத்தை எடுத்துக்கொண்டு, அந்த வேகத்தில் அசைவு அடங்குமா, வளருமா என்று கணக்கிடலாம். அடுத்து, அதைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்திற்கும் கணக்கிடலாம். இப்படியே படிப்படியாகச் சென்றால், இறக்கை படபடக்கத் தொடங்கும் வேகம் தெரிந்துவிடும். இன்று இதனைப் பாவனைக் கணிப்பு என்று சொல்கிறோம். இந்தச் சமன்பாடுகளில் வரும் எண்கள் இரண்டு பகுதிகளைக் கொண்ட கலப்பெண்கள். இரண்டு கலப்பெண்களைப் பெருக்க, நான்கு பெருக்கல்களும் அவற்றின் விடைகளைச் சேர்க்கும் வேலையும் தேவை. ஒரே ஓர் இறக்கைக்கு, ஒரே ஒரு வேகத்திற்கு, இத்தகைய பெருக்கல்கள் ஏராளமாக வரும். வழி தெரிந்திருந்தது, நடந்து முடிக்கத்தான் கால்கள் இல்லை.

சூசே 1910ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். அவருடைய தந்தை அஞ்சல் துறை ஊழியர். சிறுவயதில் ஓவியம் வரைவதிலும், இரும்புத் துண்டுகளைப் பூட்டிப் பாரந்தூக்கிகள் செய்வதிலும் அவருக்கு அளவற்ற ஆசை. இவற்றில் எதைத் தொழிலாகக் கொள்வது என்று நெடுநாள் தடுமாறியவர் அவர்.

விமானத் தொழிற்சாலையில் ஓராண்டுகூட முடியவில்லை. அதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டார். கணக்குப் போடும் பொறியை வீட்டிலேயே செய்யப்போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு, இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று மகன் வந்து நின்றால், எந்தப் பெற்றோருக்கும் மனம் கலங்கும். சூசேயின் பெற்றோருக்கும் அது உவப்பாக இல்லை. ஆயினும், அவர்கள் தங்கள் வீட்டின் வரவேற்பறையையே அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். சகோதரி பணம் கொடுத்தார். உடன் படித்த நண்பர்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்ததோடு, மாலை நேரங்களில் வந்து மெல்லிய உலோகத் தகடுகளை இழைவாளால் அறுத்தும் கொடுத்தார்கள்.

கணக்குப் பொறிகள் தயாரிக்கும் தொழிலதிபர் ஒருவரைச் சூசே தொலைபேசியில் அழைத்து உதவி கேட்டார். அவர் பெயர் குர்ட் பங்கே. கணக்குப் பொறித் துறையில் கண்டுபிடிக்க இனி எதுவும் மிச்சமில்லை என்று பங்கே முதலில் சொல்லிவிட்டார். இருந்தாலும் நேரில் வந்து பார்த்தார். பார்த்தபின் மனம் மாறிப் பணம் கொடுத்தார்.

1938இல் முடிந்த அந்தப் பொறி, இசட்-1, வரவேற்பறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. ஏறத்தாழ ஒரு டன் எடை. உள்ளே ஆயிரக்கணக்கான தகடுகள் முன்னும் பின்னுமாக நகர்ந்தன. அதில் சூசே எடுத்த ஒரு முடிவு மிக முக்கியமானது. மனிதர் கைவிரல்களை எண்ணிப் பழகியதால் பத்து இலக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறிக்கு விரல்கள் இல்லை. ஒரு தகடு முன்னே இருக்கும், அல்லது பின்னே இருக்கும். ஆகவே, 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே போதும் என்று அவர் முடிவு செய்தார். இன்றைய கணினிகளும் இந்த இரும எண் முறையிலேயே இயங்குகின்றன. கட்டளைகளைத் தாளில் துளையிடுவதற்குப் பதிலாக, பயன்படுத்தி முடித்த திரைப்படச் சுருள்களில் துளையிட்டார். அது மலிவாகவும் கிடைத்தது. எளிதில் கிழியவும் இல்லை.

கணக்கு முறை சரியாகத்தான் இருந்தது. தகடுகள்தாம் அடிக்கடி சிக்கிக்கொண்டன. ஆகவே, தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட பழைய ரிலேக்களை வாங்கி, இசட்-2 என்னும் அடுத்த பொறியைச் செய்யத் தொடங்கினார். ரிலே என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் சிறிய இணைப்பான். தகட்டைவிட நம்பகமானது.

1939இல் போர் வெடித்தது. சூசே காலாட்படைக்கு அழைக்கப்பட்டார். விமானக் கட்டுமானத்திற்குப் பயன்படக்கூடிய பொறியைச் செய்துகொண்டிருப்பவர் என்பதால் அவருக்கு விடுப்பு அளிக்க வேண்டும் என்று பங்கே படைக்கு எழுதினார். அதைப் படித்த அதிகாரிக்கு வியப்பாக இருந்ததாம். ஜெர்மன் விமானப்படை குறையே இல்லாதது, அதில் கணக்குப் போட என்ன இருக்கிறது என்று கேட்டு விடுப்பை மறுத்துவிட்டார். ஜெர்மன் விமானம் ஒன்று முந்தைய ஆண்டுதான் இறக்கைச் சோதனையில் நொறுங்கியிருந்தது. ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகு, ஹென்ஷெல் தொழிற்சாலைக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டதால், சூசே படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

அவருடைய பொறியின் பயனை உணர்ந்தவர் அல்ஃபிரட் டைக்மன். ஜெர்மன் விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், இறக்கைப் படபடப்பை ஆழமாக ஆராய்ந்தவர். கணக்கு முடியாமல் தேங்கிக் கிடப்பதன் வேதனையை நன்றாக அறிந்தவர். 1940இல் அவர் இசட்-2ஐப் பார்க்க வந்தார். அந்தப் பொறி வழக்கமாகப் பழுதடைந்தே இருக்கும். அன்று மட்டும் அது ஒழுங்காக வேலை செய்தது. அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த பொறிக்கு ஆய்வு நிலையம் பணம் தந்தது.

1941ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், சூசே இசட்-3ஐ ஆய்வாளர்கள் சிலருக்கு இயக்கிக் காட்டினார். அதில் 2000க்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. 64 எண்களை நினைவில் வைத்திருக்கும். ஒரு பெருக்கலைச் செய்ய ஏறக்குறைய 3 நொடிகள் ஆகும். விடை விளக்குகளாக ஒளிரும். இன்று சட்டைப்பையில் கிடக்கும் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரலாம். ஆனால், கட்டளைகளைத் தானே வரிசையாகப் படித்து, மனிதர் குறுக்கிடாமல் கணக்கு முழுவதையும் செய்து முடித்த, நன்கு இயங்கிய பொறி உலகில் அதற்கு முன் இருந்ததில்லை. சூசே வரவேற்பறையில் தகடு அறுக்கத் தொடங்கி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

இசட்-3இல் படபடப்புக் கணக்குகளைச் சோதனையாகச் செய்து பார்த்தனர். இறக்கையின் கணக்கை முதன்முதலாக ஒரு பொறி போட்டது. ஆயினும், போர் நடத்தியவர்கள் இதனை அவசியமான கருவியாகக் கருதவில்லை. சூசேயின் நண்பர் ஹெல்முட் ஷ்ரையர், ரிலேக்களுக்குப் பதிலாக வானொலிக் குழாய்களைப் பயன்படுத்தினால் பொறியின் வேகம் பன்மடங்கு கூடும் என்று திட்டம் கொடுத்தார். அதைச் செய்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றார். அதற்குள் போரில் வென்றுவிடுவோம் என்று கூறித் திட்டத்தை ஒதுக்கிவிட்டார்கள். 1943ஆம் ஆண்டின் இறுதியில், பெர்லின்மீது நடந்த குண்டுவீச்சில் இசட்-3 அழிந்தது. இசட்-1உம் போரில் தப்பவில்லை.

அதே ஆண்டுகளில் சூசே ஹென்ஷெல் தொழிற்சாலையில் செய்த வேறொரு வேலையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே ஹெச்எஸ் 293 என்னும் குண்டு தயாரானது. அது இறக்கைகள் பொருத்தப்பட்ட குண்டு. விமானத்திலிருந்து விடப்பட்டதும், வானொலி அலைகளால் இயக்கப்பட்டுக் கப்பலை நோக்கிச் செல்லும். தொழிற்சாலையில் அவசரமாகச் செய்யப்பட்ட இறக்கைகளில் அளவு பிசகுகள் இருந்தன. ஒவ்வொரு குண்டையும் ஏறத்தாழ 100 இடங்களில் அளந்து, இறக்கையை எவ்வளவு திருப்பி வைத்தால் அது நேராகப் பறக்கும் என்று கணக்கிட வேண்டியிருந்தது. அதற்காகச் சூசே தனிப்பொறி ஒன்றைச் செய்துகொடுத்தார். இறக்கையின் கோணம் திருத்தப்பட்டால் குண்டு நேராகச் செல்லும். நேராகச் சென்றால் கப்பல் மூழ்கும்.

1943 நவம்பர் 26ஆம் நாள், அல்ஜீரியாவை அடுத்த கடலில், ரோனா என்னும் கப்பலை இவ்வகைக் குண்டு ஒன்று தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் படைவீரர்கள். கப்பல் ஊழியர்களான இந்தியர்களும் இருந்தனர். போருக்கு முன்பு ரோனா அமைதியான பயணிகள் கப்பல். மலாயாத் தமிழர்களின் நினைவில் இன்றும் வாழும் ரஜுலா கப்பலின் உடன்பிறப்பு அது. இரண்டும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடுவதற்காக 1926இல் கட்டப்பட்டவை. பிழைப்புத் தேடி வந்த எத்தனையோ குடும்பங்களை ஏற்றிவந்த கப்பல், அளந்து திருத்தப்பட்ட இறக்கைகளால் மூழ்கியது. தாம் போர்த்தொழிலுக்காக உழைத்ததைச் சூசே பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் மறைக்கவில்லை. இறக்கை முறியாமல் காக்க வந்த கணக்கும், குண்டைக் குறி தவறாமல் பறக்கவைத்த கணக்கும் ஒரே மனிதரின் மேசையிலிருந்து வந்தவை.

1945இன் தொடக்கத்தில் அவர் கையில் ஒரே ஒரு பொறி எஞ்சியிருந்தது. அப்போது அதன் பெயர் வி-4. சோதனை மாதிரி என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்துதான் அந்த ‘வி’. இலண்டனைத் தாக்கிய வி-1, வி-2 ஆயுதங்களின் வரிசையில் இதுவும் ஒன்று என்று பிறர் எண்ணிக்கொண்டனர். எதற்குமே வாகனம் கிடைக்காத அந்த நாள்களில், இந்தக் குழப்பத்தினால் பொறியைப் பெர்லினுக்கு வெளியே கொண்டுசெல்ல வழி பிறந்தது. போருக்குப் பிறகு சூசே தம் பொறிகளுக்கெல்லாம் தம் பெயரின் முதலெழுத்தை வைத்தார். அது இசட்-4 ஆயிற்று.

பொறி முதலில் கோட்டிங்கன் நகருக்குச் சென்றது. அங்கே அதனை இயக்கிக் காட்டியபின், மலைக்கு அடியில் இருந்த சுரங்கத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லும்படி உத்தரவு வந்தது. சூசே அங்கே சென்று பார்த்தார். வதைமுகாம் கைதிகள் மனிதத்தன்மையற்ற நிலையில் அடிமைகளாக வேலை வாங்கப்படுவதைக் கண்டார். அங்கே பொறியை வைக்க அவருக்கு மனமில்லை. இராணுவ வாகனமொன்றில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்குச் சென்றார். கருவுற்றிருந்த மனைவி கிசெலாவும் உடன் சென்றார். ஹின்டர்ஷ்டைன் என்னும் சிற்றூரில், ஒரு கொட்டகைக்குள் பொறியை மறைத்து வைத்தார்கள். உலகின் மிக முன்னேறிய கணக்குப் பொறிகளில் ஒன்று, வைக்கோலும் மாடுகளும் நிறைந்த ஊரில் முடங்கிக் கிடந்தது. சூசே ஓவியங்கள் வரைந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1949இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருவர் தேடி வந்தார். சூரிக் நகரத்தின் உயர் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ஷ்டீஃபெல் அவர். ஒரு சமன்பாட்டைச் சொன்னார். சூசே அதற்கான கட்டளைகளைத் துளையிட்டுப் பொறியில் கொடுத்தார். சரியான விடை வந்தது. அங்கேயே ஒப்பந்தம் பேசப்பட்டது. 1950இல் இசட்-4 சூரிக் சென்றது. அந்த நாளில் ஐரோப்பாக் கண்டத்தில் இயங்கிய கணினிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இரவில் காவலுக்கு ஆளில்லாமலேயே அது தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ரிலேக்கள் கடகடவென்று ஒலித்துக்கொண்டே இருக்கும். சூரிக் நகரின் இரவு வாழ்க்கையில் சுவையானது அந்தச் சத்தம் ஒன்றுதான் என்று சூசே கேலி செய்வாராம்.

சூசே தாமே ஒரு நிறுவனம் தொடங்கிக் கணினிகளைச் செய்து விற்றார். காலப்போக்கில் அது கடனில் மூழ்கிப் பிறர் கைக்கு மாறியது. இசட்-3இன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டுப் பல்லாண்டுகள் வழக்காடினார். காப்புரிமை பெறும் அளவுக்கு அதில் புதுமை இல்லை என்று 1967இல் ஜெர்மன் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதுமையில் மீண்டும் தூரிகையை எடுத்தார். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், தம் 85ஆவது வயதில், ஹூன்ஃபெல்ட் என்னும் ஊரில் காலமானார்.

இசட்-4 இப்போது மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனை இயக்குவதற்கான கையேடு தொலைந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 2020இல் அது சூரிக்கில் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் அக்கல்லூரியின் விமானக் கட்டுமானப் பிரிவில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவரின் பழைய தாள்களுக்கிடையே அவருடைய மகள் அதைக் கண்டெடுத்தார். அந்தத் தாள்களில் இசட்-4 போட்டுக்கொடுத்த கணக்குகளைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. அவற்றுள், பி-16 என்னும் சுவிஸ் ஜெட் விமானத்தின் உருவாக்கத்துக்கான கணக்குகளோடு, இறக்கைப் படபடப்பின் கணக்கும் ஒன்று.